ஆப் எஞ்சினை விட்டு வெளியேற வேண்டுமா?

கேள்வி இதுதான். மூன்று பேர் மட்டுமே உள்ள ஒரு சிறிய குழு, தங்கள் பைத்தான் செயலியை கூகுள் ஆப் எஞ்சினில் (கோடை மட்டும் கொடுத்தால் போதும், சர்வர்களை கூகுளே பார்த்துக்கொள்ளும் சேவை) நடத்துகிறது. செயலி ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் சுற்றி இருப்பவர்கள் சும்மா விடுவதில்லை: "அது பழசு, உள்ளே போனால் வெளியே வர முடியாது, பில் எகிறும், கூகுள் எந்த நாளும் மூடிவிடும், இஷ்டப்படி எதையும் செய்ய விடாது." இதையெல்லாம் கேட்டுப் பயந்துபோய், குபர்நெட்டிஸுக்கு (கன்டெய்னர் என்ற பொட்டலங்களில் கட்டிய செயலிகளைப் பல மெஷின்களில் ஓட்டி நிர்வகிக்கும் கருவி) மாறிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

மாற வேண்டாம் என்பது என் பதில். இந்தக் குறைகளில் சில ஒரு காலத்தில் முழு உண்மையாக இருந்தவை, ஒன்றிரண்டு இன்றும் உண்மைதான். மீதி எல்லாம், ஆப் எஞ்சின் எதற்காக உருவானதோ அதையே குறையாகச் சொல்பவை. எது எந்த வகை என்று பிரித்துப் பார்த்தால்தான் உங்களால் நிம்மதியாக முடிவெடுக்க முடியும்.

"கையைக் கட்டிப்போடுகிறது" என்ற புகாரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாப் புகாருக்கும் வேர் அதுதான். ஆப் எஞ்சின் 2008 ஏப்ரலில் வெளிவந்தது. முதலில் 10,000 பேருக்கு மட்டும் அனுமதி, அதுவும் பைத்தான் மட்டும். கோப்பில் எழுத முடியாது, ஒரே நேரத்தில் பல வேலை பார்க்க உதவும் த்ரெட் கிடையாது, வெளி நெட்வொர்க்கோடு பேச நேரடியாக சாக்கெட் திறக்க முடியாது. எந்த ரெக்வெஸ்டும் (பயனரிடமிருந்து வரும் ஒவ்வொரு கோரிக்கையும்) சில விநாடிக்குள் முடிய வேண்டும். வழக்கமான எஸ்க்யூஎல் டேட்டாபேஸ் இல்லை, இரண்டு அட்டவணைகளை இணைத்துக் கேட்கும் ஜாயின் இல்லை. அப்போது அமேசானின் ஈசி2 வந்து ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அங்கே ஒரு முழு லினக்ஸ் மெஷினையே கையில் கொடுத்துவிடுவார்கள். அதோடு ஒப்பிட்டால் ஆப் எஞ்சின் சிறைபோலத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் அந்தத் தடைகள் ஏன் இருந்தன என்று பாருங்கள். புகைப்படம் ஏற்றும் வசதியுள்ள ஒரு கடையின் இணையதளத்தை எடுத்துக்கொள்வோம். ஒரே சர்வர் இருக்கும்போது, வரும் படத்தை "அப்லோட்ஸ்" என்ற ஃபோல்டரில் போட்டுவிடுவோம், வேலை முடிந்தது. தீபாவளிக்குக் கூட்டம் வருகிறது என்று இரண்டாவது சர்வரைச் சேர்த்ததும் பிரச்சினை ஆரம்பிக்கிறது. முதல் சர்வரில் ஏறிய படம் இரண்டாவதில் இல்லை. பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தால் ஒருமுறை படம் வருகிறது, மறுமுறை உடைந்த கட்டம் வருகிறது. லாகின் தகவலை சர்வரின் மெமரியில் வைத்திருந்தால் இன்னும் மோசம், வாடிக்கையாளர் பணம் கட்டப் போகும் நேரத்தில் வெளியே தள்ளப்படுவார். கூட்டம் உச்சத்தில் இருக்கும் அந்த ராத்திரியில் உட்கார்ந்து கோடைத் திருத்துவீர்கள். ஆப் எஞ்சினில் இந்தத் தவறை முதல் நாளே செய்ய முடியாது, ஏனென்றால் எழுத டிஸ்க்கே இல்லை. படத்தைத் தனிச் சேமிப்பிடத்தில்தான் வைத்தாக வேண்டும், லாகினை டேட்டாபேஸிலோ மெம்கேஷ் என்ற பொதுத் தற்காலிக நினைவகத்திலோ வைத்தாக வேண்டும். அதனால் ஒரு இன்ஸ்டன்ஸ் (ஓடும் செயலியின் ஒரு நகல்) நூறாக மாறும்போது உங்கள் கோடில் ஒரு வரியும் மாறுவதில்லை. எந்த இன்ஸ்டன்ஸையும் எப்போதும் கொல்லலாம், எங்கும் புதிதாக எழுப்பலாம் என்ற உரிமையை கூகுளுக்குக் கொடுத்துவிட்டு, சர்வர் பராமரிப்பு என்ற வேலையை அவர்கள் தலையில் இறக்கி வைக்கிறீர்கள். தடைகளை எடுத்துவிட்டால் இந்த ஒப்பந்தமே இல்லை.

பிறகு வந்தவற்றையும் பாருங்கள். 2014இல் அமேசான், ஒரு ஃபங்க்ஷனை மட்டும் கொடுத்தால் ஓட்டித்தரும் லாம்ப்டாவை அறிமுகப்படுத்தியபோது ஒரு ஃபங்க்ஷன் 60 விநாடிக்கு மேல் ஓட முடியாது. டிஸ்க்கில் எழுதியது நிலைக்காது. அதை எல்லாரும் எதிர்காலம் என்று கொண்டாடினார்கள். குபர்நெட்டிஸில் பாட் (அங்கே ஓடும் செயலி நகல்) எப்போது வேண்டுமானாலும் செத்துப் பிழைக்கும் என்று நினைத்துத்தான் கோடு எழுத வேண்டும் என்று இன்று கற்றுக்கொடுக்கிறார்கள். 2008இல் அதையே கேட்டதற்காக ஆப் எஞ்சினைத் திட்டினார்கள்.

இதற்குள் பல தடைகள் தளர்ந்தும்விட்டன. 2018இல் வந்த இரண்டாம் தலைமுறை ஆப் எஞ்சின், செயலிகளைத் தனிமைப்படுத்தும் ஜிவைசர் என்ற தடுப்புக்குள் ஓடுகிறது. அதில் சாதாரண பைத்தான் 3, சாதாரண ஃப்ளாஸ்க் அல்லது ஜாங்கோ (இணையச் செயலி எழுத உதவும் பைத்தான் கட்டமைப்புகள்), சி மொழியில் எழுதிய லைப்ரரிகள் எல்லாம் ஓடும். கூட்டத்துக்கேற்பத் தானாக அளவு மாறும் சர்வீஸ்களுக்கு (செயலியின் தனித்தனிப் பகுதிகள்) ரெக்வெஸ்ட் வரம்பு 10 நிமிடம். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் வேண்டுமா, கூகுளே நடத்தித் தரும் கிளவுட் எஸ்க்யூஎல்லை இணைத்துக்கொள்ளலாம். "ஆப் எஞ்சினில் அது முடியாது, இது முடியாது" என்று இன்று உங்களிடம் சொல்பவரிடம், கடைசியாக எந்த வருடம் பயன்படுத்தினார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அடுத்து விலை. இங்கே விமர்சகர்கள் பக்கம் நியாயம் இருந்தது, அதை மழுப்ப எனக்கு விருப்பமில்லை. ஆரம்பத்தில் உங்கள் கோடு சிபியூவைப் பயன்படுத்திய நேரத்துக்கு மட்டும் காசு. டேட்டாபேஸ் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் கணக்கில் வராது. 2011இல் அதை மாற்றி, இன்ஸ்டன்ஸ் உயிரோடு இருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 8 சென்ட் என்று ஆக்கினார்கள். அன்றைய பைத்தான் இன்ஸ்டன்ஸ் ஒரு நேரத்தில் ஒரே ரெக்வெஸ்டைத்தான் கவனிக்கும். காத்திருக்கும் நேரமெல்லாம் இப்போது காசாகிவிட்டது. இலவச வரம்புக்குள் நிம்மதியாக இருந்த செயலிகளுக்கு, புதிய கணக்குப்படி வரப்போகும் பில்லைக் காட்டியபோது பலருக்குத் தூக்கமே போய்விட்டது. கூகுளை நம்பி அவர்களுடைய முறையிலேயே செயலியைக் கட்டியவர்களின் கோபம் அது, நியாயமான கோபம். எதிர்ப்புக்குப் பிறகு, ஒரே நேரத்தில் பல ரெக்வெஸ்டைக் கவனிக்கும் பைத்தான் 2.7 வரும்வரை இன்ஸ்டன்ஸ் விலையைப் பாதியாக்கினார்கள். இலவச நேரத்தையும் ஒரு நாளுக்கு 28 மணியாக உயர்த்தினார்கள்.

புதிய முறையிலும் ஒரு நேர்மை இருந்தது என்பேன். காத்திருக்கும் இன்ஸ்டன்ஸும் மெமரியைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறது, அந்த மெமரிக்கு யாரோ காசு கொடுத்தாக வேண்டும். தவறு, அதைச் சொன்ன விதத்திலும் வேகத்திலும் இருந்தது. அந்தத் தவறு நடந்து வருடக்கணக்காகிவிட்டது. அதை வைத்து இன்றைய பில்லை மதிப்பிடக் கூடாது.

இன்றைய பில் எப்படி வருகிறது என்று பார்ப்போம். அந்த 28 மணி நேர இலவசம் மிகச் சிறிய இன்ஸ்டன்ஸான எஃப்1 வகைக்கு இன்றும் இருக்கிறது. ரெக்வெஸ்ட் நின்றால் இன்ஸ்டன்ஸ் உடனே கணக்கிலிருந்து இறங்காது. கடைசி ரெக்வெஸ்டுக்குப் பிறகு 15 நிமிடம் கணக்கில் ஓடும். இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். தளம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிப் பார்க்கும் கண்காணிப்புக் கருவி ஒன்றை வைத்திருப்பீர்கள். அது தட்டிக்கொண்டே இருப்பதால் இன்ஸ்டன்ஸ் தூங்கவே தூங்காது. ஒரு சர்வீஸ் என்றால் 24 மணி, இலவச வரம்புக்குள் நின்றுவிடும். முன்பக்கம் ஒன்று, அதற்குத் தகவல் தரும் ஏபிஐ ஒன்று என்று இரண்டு சர்வீஸாகப் பிரித்து இரண்டையும் தட்டினால் 48 மணி. யாருமே வராத தளத்துக்கும் பில் வரும். உடனே "ஆப் எஞ்சின் விலை அதிகம்" என்ற பேச்சு கிளம்பும். கண்காணிப்பை ஒரு சர்வீஸுக்கு மட்டும் வையுங்கள், ஆப்.யாமல் என்ற அமைப்புக் கோப்பில் அதிகபட்ச இன்ஸ்டன்ஸ் எண்ணிக்கையைக் கட்டாயம் எழுதுங்கள், பட்ஜெட் எச்சரிக்கையைப் போட்டுவையுங்கள். மூன்றையும் அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். ஆப் எஞ்சின் என்ற பெயரில் இரண்டு உண்டு: ஸ்டாண்டர்டு, ஃப்ளெக்ஸிபிள். ஃப்ளெக்ஸிபிள் உள்ளுக்குள் முழு விர்ச்சுவல் மெஷின். குறைந்தது ஒரு மெஷின் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும், டெப்ளாய் செய்ய (புதிய கோடை ஏற்ற) பல நிமிடம் ஆகும், இலவச ஒதுக்கீடும் கிடையாது. மெதுவாக இருக்கிறது, காசைத் தின்கிறது என்று நான் கேட்ட புகார்களில் பாதிக்கு மேல் கடைசியில் ஃப்ளெக்ஸிபிளைப் பற்றியதாகவே இருந்தன. உங்களுடையது ஸ்டாண்டர்டுதானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பேசுவது முழுக்க ஸ்டாண்டர்டைப் பற்றி.

"உள்ளே போனால் வெளியே வர முடியாது" என்பதற்கு, நீங்கள் எப்போது உள்ளே போனீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பதில். முதல் தலைமுறையில் இது உண்மை. டேட்டாபேஸுக்கு டேட்டாஸ்டோர், பின்னணி வேலைக்கு டாஸ்க் க்யூ, லாகினுக்கு யூசர்ஸ், பெரிய கோப்புக்கு பிளாப்ஸ்டோர் என்று கோடு அழைக்கும் எல்லாமே ஆப் எஞ்சினின் சொந்த ஏபிஐ. ஆப்ஸ்கேல் என்ற திறந்த மூல முயற்சி அதே ஏபிஐகளை வெளியே ஓட்டிக் காட்டியது என்றாலும், அந்த வழியில் போனவர்கள் கொஞ்சம் பேர்தான். பைத்தான் 2இலிருந்து 3க்கு மாறும்போது வலி உச்சத்துக்குப் போனது. 2018இல் பைத்தான் 3 வந்தபோது அந்தப் பழைய ஏபிஐகள் கூடவே வரவில்லை. வெறும் மொழி மாற்றமாக இருக்க வேண்டியது, செயலியைப் பாதிக்கு மேல் திருப்பி எழுதுவதாக ஆனது. சில வருடங்கள் கழித்துத்தான் அவற்றைப் பைத்தான் 3இலும் பயன்படுத்த வழி செய்தார்கள். அந்த இடைவெளியில் சிரமப்பட்டவர்கள் இன்றும் கசப்போடு பேசினால், அந்தக் கசப்புக்குக் காரணம் இருக்கிறது.

உங்கள் நிலைமை வேறு. நீங்கள் எழுதியிருப்பது ஃப்ளாஸ்க் செயலி, பின்னால் போஸ்ட்கிரஸ். அதில் ஆப் எஞ்சினுக்கே உரியது என்று இருப்பது ஆப்.யாமல் என்ற ஒரு சின்னக் கோப்புதான். நாளைக்கே ஒரு டாக்கர்ஃபைல் (செயலியைக் கன்டெய்னராகக் கட்டும் செய்முறைக் கோப்பு) எழுதி, கூகுளின் கன்டெய்னர் சேவையான கிளவுட் ரன்னிலோ வேறு நிறுவனத்திலோ ஓட்டலாம். குபர்நெட்டிஸுக்குப் போனால் டெப்ளாய்மென்ட், சர்வீஸ், இன்க்ரெஸ், சீக்ரெட் என்று எழுதும் யாமல் கோப்புகளின் குவியல் இதைவிடப் பெரிது. அதுவும் ஒரு பூட்டுதான். வேறு நிறுவனத்துக்குத் தூக்கிச் செல்லலாம் என்பார்கள். கூட்டத்தைச் சர்வர்களுக்குப் பிரித்துவிடும் லோட் பேலன்ஸரும் டிஸ்க்கும் அடையாள அனுமதிகளும் ஒவ்வொரு நிறுவனத்திலும் வேறு மாதிரி என்பது தூக்கிச் செல்லும்போதுதான் தெரியும்.

"கூகுள் மூடிவிடும்" என்ற பயம் எங்கிருந்து வருகிறது என்று எல்லாருக்கும் தெரியும். 2013இல் கூகுள் ரீடர் என்ற செய்தி வாசிப்பானை மூடியதை யாரும் மறக்கவில்லை. ஆப் எஞ்சினிலும் உள்ளே சில பகுதிகள் போயிருக்கின்றன. உடனடிச் செய்தி அனுப்ப உதவிய சானல் ஏபிஐ, எக்ஸ்எம்பிபி எல்லாம் 2017இல் நின்றன. ஆனால் முழுத் தளமும் 2008 முதல் விடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. பைத்தான் 2 மொழியின் ஆதரவையே அதை உருவாக்கியவர்கள் 2020 ஜனவரியில் முடித்துக்கொண்டார்கள். ஆப் எஞ்சினில் பைத்தான் 2.7க்கான ஆதரவு 2024 ஜனவரி வரை நீடித்தது. காசு கட்டும் நிறுவன வாடிக்கையாளர்கள் உள்ள ஒரு தளத்தையும் இலவசமாகக் கொடுத்த ஒரு செய்தி வாசிப்பானையும் ஒரே தராசில் வைப்பது சரியல்ல.

இது நம்பகமானதா என்ற சந்தேகத்துக்கு ஒரு பழைய சம்பவத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு ஆப் எஞ்சின் மேல் மரியாதை வந்ததே அதைப் படித்தபோதுதான். 2010 பிப்ரவரி 24 அன்று ஆப் எஞ்சினின் முதன்மை டேட்டா சென்டரில் மின்சாரம் போனது. பேக்கப் மின்சாரம் வந்தது, ஆனால் சுமார் கால்வாசி மெஷின்களுக்கு உரிய நேரத்தில் வரவில்லை. முழுசாகச் செத்தால் என்ன செய்வது என்று தெரியும். பாதி செத்துப் பாதி பிழைத்திருந்தால் மாற்று மையத்துக்குப் போவதா வேண்டாமா என்பதில் பணியில் இருந்தவர்களுக்குத் தெளிவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் எல்லாச் செயலிகளும் பாதிக்கப்பட்டன. ஒருவாரத்துக்குச் சற்று மேல் ஆனதும், என்ன நடந்தது, யார் எந்த நிமிடத்தில் என்ன முடிவெடுத்தார்கள், கையேட்டில் என்ன தவறு இருந்தது என்று எதையும் மறைக்காமல் கூகுள் எழுதி வெளியிட்டது.

அதோடு நிற்கவில்லை. மறுவருட ஜனவரியில் ஹை ரெப்ளிகேஷன் டேட்டாஸ்டோர் வந்தது. நீங்கள் சேமிக்கும் ஒவ்வொரு பதிவும் பேக்ஸோஸ் (பல மெஷின்கள் ஒரே முடிவுக்கு வரும் வழி) முறையில் ஒரே நேரத்தில் பல டேட்டா சென்டர்களுக்குப் போகும். ஒன்று முழுதாக அணைந்தாலும் செயலி ஓடும். இதற்கும் ஒரு விலை இருந்தது: புதிதாகச் சேமித்த ஒன்று, அடுத்த விநாடியே பட்டியலைக் கேட்டால் வராமல் போகலாம். நிரலாளர்கள் அதையும் திட்டினார்கள். இன்று அந்த டேட்டாஸ்டோர், கூகுளின் பிந்தைய டேட்டாபேஸான ஃபயர்ஸ்டோரின் மேல் ஓடுகிறது, அந்தத் தாமதமும் போய்விட்டது. மூன்று பேர் சேர்ந்து இரண்டு டேட்டா சென்டர்களுக்கிடையே நகல் எடுக்கும் டேட்டாபேஸை ஒழுங்காக நடத்த முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். முடியும், ஆனால் வேறு எந்த வேலையும் பார்க்க முடியாது.

எனக்கு ஆப் எஞ்சினில் மிகவும் பிடித்தது, விமர்சகர்கள் அநேகமாகப் பேசாத ஒன்று: வெர்ஷன். ஒவ்வொரு டெப்ளாயும் தனி வெர்ஷனாக நிற்கும், அதற்கென்று தனி முகவரி உண்டு. ட்ராஃபிக்கை மாற்றாமல் ஏற்றிவிட்டு, அந்த முகவரியில் போய் நிஜ டேட்டாபேஸோடு சோதிக்கலாம். சரியென்று பட்டால் நூற்றுக்கு ஐந்து பேரை மட்டும் புதியதற்கு அனுப்பலாம். எர்ரர் ஏறினால், பழைய வெர்ஷன் அங்கேயே இருக்கிறது, அதற்கே திருப்பிவிட வேண்டியதுதான். மறுபடி பில்ட் இல்லை, காத்திருப்பு இல்லை. வெள்ளிக்கிழமை மாலை டெப்ளாய் செய்யக் கூடாது என்று நம் ஊர் அலுவலகங்களில் சொல்வார்களே, அந்தப் பயம் இங்கே பெருமளவு குறையும். இதே வசதியை குபர்நெட்டிஸில் கொண்டுவரத் தனியாக ஒரு கருவியை நிறுவ வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும்.

பெரிய செயலிகள் இதில் ஓடாது என்பார்கள். 2011 ஏப்ரலில் நடந்த பிரிட்டிஷ் அரச குடும்பத் திருமணத்தின் அதிகாரபூர்வத் தளம் ஆப் எஞ்சினில்தான் இருந்தது. கான் அகாடமியும் அதன் மேல்தான் வளர்ந்தது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது அவர்களுடைய ட்ராஃபிக் ஒரே வாரத்தில் இரண்டரை மடங்கானது, தளம் விழவில்லை. சுவாரசியம் என்னவென்றால், அதற்குச் சற்று முன்புதான் பைத்தான் 2 கோடை முழுக்க கோ மொழிக்கு மாற்றும் வேலையைத் தொடங்கியிருந்தார்கள். மொழியை மாற்றினார்கள், ஆப் எஞ்சினை மாற்றவில்லை. ஸ்னாப்சாட்டும் இங்கே பிறந்து வளர்ந்ததுதான். 2017இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது, கூகுள் கிளவுடுக்கு ஐந்து வருடத்தில் 200 கோடி டாலர் கொடுக்க ஒப்பந்தம் செய்திருப்பதாகச் சொன்னார்கள். பிறகு பல நிறுவனங்களின் கிளவுடுக்கும் குபர்நெட்டிஸுக்கும் நகர்ந்தார்கள், அதனால் செலவும் குறைந்தது. இதை விமர்சகர்கள் எடுத்துக்காட்டுவார்கள். காட்டட்டும். 200 கோடி டாலர் பில் உள்ளவர் அதைக் குறைக்க நூற்றுக்கணக்கான பொறியாளர்களை அமர்த்துவது லாபம். மாதம் சில ஆயிரம் ரூபாய் பில் உள்ள நீங்கள் ஒருவரை அமர்த்தினாலே நஷ்டம்.

இனி, இன்றைக்கும் மிச்சமிருக்கும் உண்மையான குறைகள். ஸ்டாண்டர்டில் வெப்சாக்கெட் (உலாவியோடு திறந்தே இருக்கும் இருவழி இணைப்பு) கிடையாது. சாட், நேரலை ஏலம் போன்றவற்றுக்கு இது சரியான இடம் இல்லை. ஜிபியூ இல்லை. தூங்கிய இன்ஸ்டன்ஸ் எழுந்திருக்கும்போது முதல் ஆள் காத்திருப்பார். பைத்தானில் ஒரு சில விநாடி, கனமான ஜாவா செயலியில் அதைவிட அதிகம். குறைந்தபட்சம் ஒரு இன்ஸ்டன்ஸை விழிப்பில் வைத்துச் சமாளிக்கலாம், ஆனால் அதற்குக் காசு உண்டு. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு கூகுளே இப்போது கிளவுட் ரன்னைத்தான் முன்னால் வைக்கிறது, அதையும் மறைக்க வேண்டியதில்லை. கன்டெய்னராகக் கொடுக்க நீங்கள் தயார் என்றால் கிளவுட் ரன் நல்ல தேர்வுதான், வெப்சாக்கெட்டும் அதில் உண்டு. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் செயலியை அதற்காக இழுத்துப் போட அவசரம் எதுவும் இல்லை.

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வரும் குறை ஒன்று உண்டு. ஒரு ப்ராஜெக்டில் ஒரே ஒரு ஆப் எஞ்சின் செயலிதான், அதன் ரீஜனை (சர்வர்கள் இருக்கும் இடத்தை) ஒருமுறை தேர்ந்தெடுத்தால் மாற்றவே முடியாது. பழகிப் பார்க்கும் அவசரத்தில் அமெரிக்க ரீஜனைச் சொடுக்கிவிட்டு, பிறகு வாடிக்கையாளர்கள் எல்லாம் சென்னையிலும் மதுரையிலும் இருக்கிறார்கள் என்றால், ஒவ்வொரு ரெக்வெஸ்டும் கடல் தாண்டிப் போய்வரும். மும்பை ரீஜன் 2017 முதல் இருந்தும், அதற்குப் போகப் புது ப்ராஜெக்ட் தொடங்கி எல்லாவற்றையும் நகர்த்த வேண்டும். இத்தனை வருடம் கழித்தும் இதைத் திருத்தாமல் வைத்திருப்பதற்கு நான் எந்தச் சமாதானமும் சொல்லப் போவதில்லை.

ஆகவே கன்சோலைத் திறந்து முதலில் உங்கள் ரீஜனைப் பாருங்கள். மும்பை என்றால் எதையும் தொடாதீர்கள், அதிகபட்ச இன்ஸ்டன்ஸ் எண்ணிக்கையை மட்டும் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். அமெரிக்கா என்றால், டேட்டாபேஸ் இன்னும் சின்னதாக இருக்கும் இந்த மாதமே புது ப்ராஜெக்டுக்கு நகர்த்துங்கள். போஸ்ட்கிரஸை எக்ஸ்போர்ட் செய்து மும்பையில் ஏற்றுவது, அதே கோடை அங்கே டெப்ளாய் செய்வது, டொமைனைத் திருப்புவது என்று ஒரு வாரயிறுதி வேலை. டொமைனைத் திருப்புவதற்கு முந்தின நாளே டிஎன்எஸ் டிடிஎல்லை (டொமைனின் பழைய முகவரியை இணையம் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை) 5 நிமிடத்துக்குக் குறைத்துவிடுங்கள். எக்ஸ்போர்ட் தொடங்கியதிலிருந்து டொமைன் திரும்பும்வரை பழைய தளத்தில் யாரும் எதையும் சேமிக்க முடியாதபடி நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் அந்த இடைவெளியில் வரும் ஆர்டர்கள் பழைய டேட்டாபேஸிலேயே தங்கிவிடும்.